‘ல்’லுக்கு மேலே ஓர் அலை

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது.

ராயபுரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் காத்திருந்தேன். எனக்கு முன்னால் பதின்மூன்று பேர். கன்னத்தைக் கையில் தாங்கியபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் மருத்துவமனையின் லோகோ: நீல வட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் பல். எல்லாப் பல் மருத்துவர்களும் வைத்திருக்கும் அதே பல்தான். ஒரு மணி நேரம் போனபின், அந்தப் பல்லின் இரண்டு வேர்களுக்கு நடுவே இருந்த நீல இடைவெளி மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் ஒரு சின்ன மாடத்தோடு, கலங்கரை விளக்கமாக மாறியது. மாறியது என்று சொல்வது தவறு. அது முதலிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. நான்தான் பல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் எழுந்து வந்து பார்த்துவிட்டு, அஞ்சு வருஷமா இங்கதான் உக்காந்திருக்கேன் சார், பல்லுதான் தெரியுது என்றாள். லோகோ இருந்த பலகையின் கீழ் மூலையில் எறும்பு அளவு எழுத்தில், அதை வரைந்த கடையின் கைபேசி எண் இருந்தது. அழைத்தேன். எடுத்த பெண்ணிடம் கலங்கரை விளக்கத்தைப் பற்றிச் சொன்னேன். வேர் நடுவுலயா என்று திருப்பிக் கேட்டாள். பிறகு அவள் கேட்டாள்: “சார், நீங்க யாரு?”

அடுத்த வாரம், ஒரு பல் குறைவாக, திருவொற்றியூர் தேரடியில் அவளுடைய கடைக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தாள். என்னால் சூடாகக் குடிக்க முடியவில்லை. “பதினோரு வருஷத்துல நான் ஒளிச்சு வெச்சத, சொல்லாமயே கண்டுபிடிச்ச மொத ஆளு நீங்கதான்” என்றாள். கொஞ்சம் யோசித்து, “இன்னொருத்தங்களும் கண்டுபிடிச்சாங்க. ஆனா அது நான் ஒளிச்சு வெக்காதது” என்றாள்.

டீ ஆறியது. இந்தக் கதை அந்த இரண்டாவது பேச்சுக்காக.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று வாரம் திண்டாடினேன். தூக்கிப் போட்டவற்றையும் பார்த்துவிடுங்கள்.

எண்ணூர் முகத்துவாரத்தின் மீது கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி— [வேண்டாம். அனல்மின் நிலையப் புகைக்குள்ளிருந்து சூரியன் தட்டுத்தடுமாறி வெளியே வருவதைப் பார்த்த எவரும் பொற்கரம் என்று எழுத மாட்டார்கள்.]

சின்னங்களே மனிதனின் ஆதி மொழி. குகைச் சுவரில் கை பதித்த அந்த முதல் மனிதன்— [இது கட்டுரை. குகையிலிருந்து தேரடிக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.]

யசோதராவுக்கு முப்பத்தாறு வயது.

[இது இருக்கட்டும்.]

யசோதராவுக்கு முப்பத்தாறு வயது. பிறந்தது வியாசர்பாடி. கணவர் அறிவு பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கடையின் பெயர் கோடு கிராஃபிக்ஸ். காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கட்சிக்காரர்களின் பிறந்தநாள் வாழ்த்து, பிட் நோட்டீஸ் என்று நாள் முழுக்க வேலை இருக்கும். ஆனால் அவள் உயிரை வைத்திருந்தது லோகோவில். யாராவது புதிதாகக் கடை போடுகிறேன், ஒரு லோகோ வேண்டும் என்று வந்தால் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

ஒவ்வொரு லோகோவிலும் எதையாவது ஒளித்து வைப்பாள். மணலி புதுநகர் பஞ்சர் கடைக்காரருக்கு வரைந்த டயரின் பட்டைகளில் ஒன்று மட்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும், டயர் சிரிக்கிறது. ஜெயவேல் என்ற கன்டெய்னர் லாரிக்காரருக்கு வரைந்த லாரியின் முன்கண்ணாடி உற்றுப் பார்த்தால் ‘ஜெ’. ஜெயவேல் அந்த லாரிப் படத்தைத் தன் ஆறு வண்டியிலும் ஒட்டி நாலு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். இந்தக் கதை நடக்கும்வரை அதில் தன் பெயரைப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு முறை ஒருவர் கவனித்தார். டியூஷன் சென்டர் வாத்தியார். விரித்த புத்தகத்தின் நடுவில் ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளை மெல்லிய சாம்பல் நிறத்தில் வைத்திருந்தாள். அவர் போன் செய்து, மூணு எடத்துல தூசி மாதிரி விழுந்திருக்கும்மா, துடைச்சிக் குடுத்துடு என்றார். துடைத்துக் கொடுத்தாள். அன்று மாலை அறிவு அவளைப் பானிபூரி சாப்பிட அழைத்துப் போக வேண்டியிருந்தது.

(இங்கே வாசகர் கேட்கலாம்: யாருமே பார்க்காததை எதற்கு ஒளிக்க வேண்டும்? நானும் கேட்டேன். எல்லாரும் பார்க்கறத வரையறது வேலை சார், இது எனக்கு என்றாள். கதை எழுதுகிறவனிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.)

3

தை மாதம் இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர்கள். மங்கம்மாவும் தேசம்மாவும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. குப்பத்துப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து இறால் தொக்கு போட்டு விற்கிறார்கள். அதுவரை எவர்சில்வர் டப்பாவில் போட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவந்தார்கள். இப்போது பாக்கெட்டில் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். பெயர் ‘ஏழு கடல்’.

மங்கம்மாதான் பேசினாள். மீன் படம் வேண்டாம் என்றாள். எல்லாப் பாக்கெட்டிலும் மீன் இருக்கிறது, இறால் தொக்கு வாங்க வருகிறவனுக்கு மீனைக் காட்டி என்ன பிரயோசனம். ஏழு பேருக்கு ஏழு அலை போடு, போதும்.

“எல்லா அலையும் ஒரே சைஸா இருக்கணும்மா. ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதுன்னு கீதுன்னு வெய்யி, குப்பமே ரெண்டாப் பூடும்.”

தேசம்மா பேசியது புருவத்தால். யசோதரா நிறங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டியபோது, பிடிக்காத நிறத்துக்கு வலது புருவத்தை மட்டும் தூக்கினாள். ரோஸுக்குத் தூக்கினாள். ஊதாவுக்குத் தூக்கினாள். மிளகாய் வற்றல் சிவப்புக்குப் புருவம் அசையவில்லை. அதுவே முடிவாயிற்று.

யசோதரா மூன்று நாள் உட்கார்ந்தாள். ‘ஏ’வின் காலில் சாய்ந்து இறங்கும் கோட்டை மீன்வாலாக்கினாள். (மீன் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். வால் மட்டும் மீன் ஆகாது என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள்.) ‘ழு’வுக்கும் ‘க’வுக்கும் இடையில் இருந்த வெள்ளை இடத்தைச் செதுக்கிச் செதுக்கி ஒரு படகின் மூக்காக்கினாள். எழுத்துகளுக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக ஏழு அலை. எல்லாம் ஒரே அளவு. பதினோரு வருஷத்தில் தான் செய்த வேலைகளிலேயே இதுதான் சிறந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

இங்கேதான் அந்த விபத்து. விபத்து என்றால் பெரிய சொல். சின்னத் தவறு.

அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன், எழுத்துகளின் அடியில் கடைசிவரை நீட்டியிருந்த ‘ழு’வின் கொக்கி கடைசி அலையை லேசாக உரசுவதுபோல் இருந்தது. கொக்கியைச் சரிசெய்ய வசதியாக அந்த அலையைப் பிடித்து மேலே இழுத்துத் தள்ளி வைத்தாள். கொக்கியைத் திருத்திக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. சுண்டைக்காய் வாங்குவதா, மணத்தக்காளி வாங்குவதா என்று அறிவு மார்க்கெட்டில் நின்று கேட்டார். மணத்தக்காளி என்றாள். ஃபைலைச் சேமித்தாள். அனுப்பினாள்.

அலை மேலேயே இருந்தது. சரியாக ‘கடல்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தான ‘ல்’லுக்கு மேலே. புள்ளிக்கும் மேலே. கொஞ்சம் சாய்ந்து.

4

பாக்கெட்டுகள் ஐயாயிரம். அச்சகத்திலிருந்து நேரே குப்பத்துக்குப் போய்விட்டன. மங்கம்மாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ மட்டும் வந்தது, ஒரு வார்த்தைகூட இல்லாமல். யசோதரா கீழே எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள். ஆறு. பிறகு கண் மேலே போயிற்று. கடையைப் பூட்டினாள்.

ஷேர் ஆட்டோவில் எண்ணூர் போகும் வழியெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்தாள். தப்பு என்னோடதுக்கா. மொத்தத்தையும் நானே மறுபடி அடிச்சித் தர்றேன். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி வழியை அடைத்திருந்ததில் நாற்பது தடவை சொல்லிப் பார்க்க நேரம் கிடைத்தது.

தொக்கு போடும் கொட்டகையில் மங்கம்மாவும் இன்னும் ஐந்து பெண்களும் இருந்தார்கள். தரையில் பாக்கெட் கட்டுகள். மங்கம்மா கையில் ஒன்றை வைத்துக்கொண்டு, யசோதரா வாயைத் திறப்பதற்கு முன் கேட்டாள்.

“யாரு சொன்னது ஒனக்கு?”

யசோதராவுக்குப் புரியவில்லை.

“தேசம்மா பூட்டான்னு ஒனக்கு யாரு சொன்னது?”

அப்போதுதான் கொட்டகையில் இருப்பது ஆறு பேர் என்பதை யசோதரா கவனித்தாள். ஏழு பேரில் இளையவளான கீர்த்தி விவரத்தைச் சொன்னாள். பத்து நாளைக்கு முன்னால் சண்டை. மணலி புதுநகர் அடுக்குமாடிக்காரர்கள் காரம் அதிகம் என்றார்கள் என்று மங்கம்மா மிளகாயைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். தேசம்மா ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, இது தொக்கு இல்லை, ஜாம், பன்னுக்குத் தடவிக் குடு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்தடுத்த வீடு. பத்து நாளாகப் பேச்சில்லை.

மங்கம்மா பாக்கெட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். கீழே ஆறு பேர். மேலே ஒருத்தி தனியாக. அதுவும் எப்படி? புள்ளி கண்ணு, அதுக்கு மேல அலை புருவம். தொக்கை நக்கிப் பார்த்துவிட்டுத் தேசம்மா தூக்கிய அதே புருவம், அதே சாய்வு.

“அவளே வந்து குந்திகினு கீறா பாரு” என்றாள் மங்கம்மா. கொட்டகையே சிரித்தது. யாரோ ஒருத்தி சிரிப்பில் பாக்கெட் கட்டின் மேல் சாய்ந்துவிட்டாள். “படிச்ச பொண்ணு. வாயத் தொறந்து சொல்லாம எப்டி ஒளிச்சி வெச்சி சொல்லிக்கீது.”

நாற்பது தடவை மனப்பாடம் செய்ததை யசோதரா விழுங்கிவிட்டாள். ஆறு முகங்கள் அவளைப் பார்த்தன. பதினோரு வருஷமாக ஒருவரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. மீன்வாலை யாரும் பார்க்கவில்லை. படகையும் பார்க்கவில்லை. இதைப் பார்த்துவிட்டார்கள்.

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் இல்லை. இல்லை என்றும் இல்லை. அந்தத் தலையாட்டலை என்னிடம் செய்தும் காட்டினாள். உங்களுக்கு எழுத்தில் காட்ட முடியவில்லை.

5

இங்கே எனக்கு ஒரு சிக்கல். தேசம்மாவை நான் பார்த்ததே இல்லை.

மங்கம்மாவிடம் தொக்கு வாங்கியிருக்கிறேன். கீர்த்தியிடம் போனில் பேசியிருக்கிறேன். தேசம்மா மட்டும் நான் போன இரண்டு முறையும் காசிமேட்டுக்கு இறால் எடுக்கப் போயிருந்தாள். ஆகவே கதையின் மிக முக்கியமான ஆளை, ஒரு புருவத்தை வைத்துக்கொண்டு நான் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. முதலில் அவளை ஒரு பத்ரகாளியாக எழுதினேன்:

பங்குனி வெயிலில் தலைமுடி அவிழ, கையில் பாக்கெட்டைக் கசக்கியபடி தேசம்மா கடைக்குள் புயலெனப்— [யசோதரா படித்துவிட்டு, அந்தக்கா தலை எப்பவும் எண்ண வெச்சிப் படிய வாரியிருக்கும் சார் என்றாள்.]

பிறகு அழுகிறவளாக எழுதினேன்:

தேசம்மாவின் கண்களில் நீர்— [அதையும் யசோதரா அடித்துவிட்டாள்.]

ஆக, யசோதரா சொன்னதையே சொல்கிறேன். பாக்கெட் கடைகளுக்குப் போய் இரண்டு வாரம் கழித்து, ஒரு நண்பகலில் தேசம்மா யசோதராவின் கடைக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே செருப்போடு நின்றாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டும் உட்காரவில்லை. வாசலை ஒட்டிய மேசைமேல் ஒரு பாக்கெட்டை வைத்தாள். தொக்கு தீர்ந்த காலிப் பாக்கெட். கழுவித் துடைத்து மடித்திருந்தாள்.

“பால் வாங்கப் போன கடையில ஒருத்தன் காட்டி சிரிக்கிறான். இன்னாக்கா, ஒன்ன மேல தூக்கிப் போட்டுக்கீறாங்கன்னு. இத்த யாரு போடச் சொன்னது? மங்கம்மாவா?”

குரல் ஏறவே இல்லை. அதுதான் யசோதராவைப் பயமுறுத்தியது. ஆமாம் என்றால் அந்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் இனி ஒருபோதும் பேச்சு இருக்காது. தவறு என்று சொன்னால், கொட்டகையில் தலையாட்டியதற்கு என்ன பதில் சொல்வது? பொய்யும் வேண்டாம், மெய்யும் வராது. அவள் திரையைத் திருப்பி மூல ஃபைலைத் திறந்தாள். ஏழு அலையும் கீழே வரிசையாக இருந்த பழைய ஃபைல்.

“தை மாசம் நீங்க ரெண்டு பேரும் வந்தப்ப ஏழு அலை போடச் சொன்னீங்கக்கா. நீங்க போனப்புறமும் மங்கம்மாக்கா ரெண்டு வாட்டி போன் பண்ணாங்க. செவப்ப இன்னும் கொஞ்சம் ஏத்துன்னாங்க. பேர் கொஞ்சம் பெருசா வரணும்னாங்க. ஆறாக்குன்னு சொல்லல.”

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. போன் வந்ததும் உண்மை. சொல்லாததும் உண்மை.

தேசம்மா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். பாக்கெட்டை எடுத்து நகத்தால் ஒவ்வொரு அலையாகத் தொட்டு எண்ணினாள். கீழே ஆறு. பிறகு மேலே. ஏழு.

“ஏழுதான் கீது” என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்தாள். மின்விசிறியின் கீழே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போகும்போது, தொக்கு என்னமோ இன்னும் ஜாமாத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

6

மறுநாள் காலை நடந்ததைக் கீர்த்தி வாய்வழியாகக் கேட்டு எழுதுகிறேன். அவள் சொல்லும்போது இடையிடையே சிரித்ததால் சில இடம் தெளிவில்லை.

தேசம்மா கொட்டகைக்கு வந்தாள். கையில் மஞ்சள் பை நிறைய மிளகாய். யாரையும் பார்க்கவில்லை. அண்டாவிலிருந்து ஒரு விரல் எடுத்து நக்கினாள். வலது புருவம் தானாக மேலே போயிற்று. ஆறு பேரும் ஒரே நேரத்தில் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்கள். மங்கம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“இன்னா கெக்கெக்கென்னு சிரிச்சிகினு” என்றாள் தேசம்மா. ஆனால் அவளுக்கும் உதடு நிற்கவில்லை.

“மொளகாய போடு. ஆனா மொத்தத்தயும் கொட்டாத. மணலிக்காரன் செத்துடப் போறான்” என்றாள் மங்கம்மா.

பத்தும் பதினான்கும் ஒன்றும், ஆக இருபத்தைந்து நாள் கழித்து இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இது. மிளகாயைப் பற்றி மறுபடி சண்டை வந்தது. அன்றைக்கே வந்தது. ஆனால் இந்த முறை யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் இரண்டு அண்டா வைத்தார்கள். ஒன்று மங்கம்மா காரம், ஒன்று தேசம்மா காரம். எது அதிகம் விற்கிறது என்று கேட்டேன். கீர்த்தி, நான் இங்க உயிரோட இருக்கணும் சார் என்று போனை வைத்துவிட்டாள்.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். உண்மையில் ஒரு முறை இங்கேதான் முடித்தேன். ‘இவ்வாறாக ஒரு சிறு அலை இரு உள்ளங்களை—’ என்று கடைசி வரியும் எழுதியாயிற்று. [கடைசி வரி அப்படி வந்ததிலேயே கதை இன்னும் முடியவில்லை என்று தெரிந்துகொண்டேன். யசோதராவின் தலையாட்டல் அப்படியே கிடக்கிறதே.]

7

கீர்த்தி பாக்கெட்டை வைத்து ஒரு ரீல்ஸ் போட்டாள். இந்த லோகோவில் ஒளிந்திருக்கும் சண்டை தெரியுமா என்று தலைப்பு. கடைசியில் தேசம்மாவின் முகம், அதற்குப் பக்கத்தில் ‘ல்’. திருவொற்றியூர் முழுக்கப் பார்த்தது. வியாசர்பாடியில் யசோதராவின் அம்மா பார்த்தாள். ஜெயவேல் பார்த்துவிட்டு, என் லாரியில எதாச்சும் ஒளிச்சி வெச்சிருக்கியாம்மா என்று போன் செய்தார். முன்கண்ணாடியைப் பார்க்கச் சொன்னாள். அரை மணி நேரம் கழித்து அவர் மறுபடி அழைத்தார்.  சோக்கா கீதும்மா, சோக்கா கீது என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு கல் கிடந்தது. அவள் உண்மையாகவே ஒளித்துவைத்த ஒன்றை இன்று ஒருவர் கண்டதற்குக் காரணம், அவள் ஒளிக்காத ஒன்று.

பிறகு ஒரு கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு ‘லோகோவில் மறைபொருள்’ என்று ஒரு மணி நேரம் பேச வேண்டும். முக்கியமாக அந்த ஏழாவது அலை எப்படித் தோன்றியது என்று சொல்ல வேண்டும். யசோதரா சரி என்று சொல்லிவிட்டு, அன்று மதியம் முழுக்க ஒரு காதணி விழா பேனரில் குழந்தையின் பெயரை மூன்று முறை தப்பாக அடித்தாள். தலையாட்டுவது ஒன்று. மேடையில் மைக் பிடித்துச் சொல்வது வேறு. அறிவிடம் சொன்னாள். மணத்தக்காளிக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும். மனுஷன் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார். ஆனால் அந்தப் பொம்பளைங்ககிட்ட முதல்ல சொல்லிடு என்றார்.

வாய்ப்பு தானாக வந்தது. ஐயாயிரமும் தீர்ந்துவிட்டது. இரண்டாவது அச்சுக்கு ஃபைல் பார்க்க ஏழு பேரும் ஒன்றாகக் கிளம்பிக் கடைக்கு வந்தார்கள். இருவர் நிற்கும் கடையில் ஏழு பேர். யசோதரா நாற்காலியைத் திருப்பி, அவர்களைப் பார்த்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். கொக்கி, போன், சுண்டைக்காய், மணத்தக்காளி, மறந்தது, தலையாட்டியது. ஒன்றையும் விடவில்லை. 

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மங்கம்மா மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

“பாத்தியா? இத்தினி செஞ்சிட்டு இன்னா அடக்கமாப் பேசுது பொண்ணு.”

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். யசோதரா சத்தியம் செய்தாள். சத்தியமெல்லாம் எதுக்கும்மா என்றார்கள். பழைய ஃபைலைத் திறந்து காட்டினாள். அதுல ஏழும் கீழ கீது, அப்புறம் யோசனை பண்ணி ஒண்ண மேல வெச்சிருக்கே என்றார்கள். கீர்த்தி மட்டும் ஒரு நிமிடம் சந்தேகப்பட்டு, பிறகு ரீல்ஸை நினைத்துக்கொண்டு சந்தேகத்தை விட்டுவிட்டாள். மங்கம்மா எல்லோருக்கும் டீ சொல்ல, ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள்.

தேசம்மா போகவில்லை.

“மெய்யாலுமே மறந்துட்டியா?”

“ஆமாக்கா.”

தேசம்மா திரையைப் பார்த்தாள். புருவம் அசையவில்லை. அவள் நம்பிவிட்டாள் என்று யசோதராவுக்குத் தெரிந்தது. பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஆனாலும் தேசம்மா எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தாள். தேசம்மா வேறு ஒன்றைக் கேட்டாள்.

“அவளுக்குத் தெரியுமா?”

“யாருக்குக்கா?”

“மங்கம்மாவுக்கு. பாக்கெட்டு வந்து எறங்குச்சே, அன்னிக்கே. இது தப்புன்னு அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?”

8

எனக்கும் தெரியாது.

தெரிந்திருக்கும் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. ஒரு கூடை இறாலில் ஒன்று நொந்து கெட்டிருந்தாலும் மோந்தே கண்டுபிடித்துக் கூடையைத் திருப்பி அனுப்புகிறவள் மங்கம்மா. ஐயாயிரம் பாக்கெட்டில் ஓர் அலை இடம் மாறிக் கிடப்பதையா பார்க்காமல் விடுவாள்? பேச்சில்லாத பத்தாவது நாள் அது. அச்சுப் பிழையைக் கையில் வைத்துக்கொண்டு ஓரகத்தியைப் பற்றிப் பேச ஒரு வழி தேடியிருக்கலாம்.

இல்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அவள் சிரித்த சிரிப்பு. அப்படி நடித்துச் சிரிக்க முடியாது என்கிறாள் யசோதரா.

நான் நேரில் கேட்கலாம் என்றுதான் போனேன். இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு, சுற்றி வளைத்துக் கேட்டேன். மங்கம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, நீ கதை எழுதறவன்னு சொன்னாங்களே, ஒனக்குத் தெரியாதா என்றாள். அத்தோடு திரும்பி வந்துவிட்டேன். ‘யாரு சொன்னது ஒனக்கு?’ என்று அவள் கேட்டதை மேலே நான்தான் எழுதினேன். அதைக் கேட்டபோது அவள் மனதில் என்ன இருந்தது என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே உங்களைக் கடைக்குள் கூட்டிப் போகிறேன். நெருக்கமாகத்தான் இருக்கும், இடம் பண்ணிக்கொள்ளுங்கள். டீ குடித்துவிட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். திரையில் லோகோ திறந்திருக்கிறது. ஏழாவது அலையைக் கீழே இறக்கி மற்ற ஆறோடு சேர்த்துவிடு, அவ வந்துட்டா இல்ல என்கிறாள் மங்கம்மா. அதெல்லாம் வேணாம், மேலயே உடு, காத்து வருது என்கிறாள் தேசம்மா. அப்படின்னா எங்களையும் மேலே வை என்று மூன்று குரல்கள். எல்லாரும் மேலே போனால் அப்புறம் கீழே இருக்கிறவன் எவன் என்று ஒரு குரல். யார் சொன்னதென்று தெரியவில்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள். மங்கம்மாவின் கை, கவனமில்லாமல் வைத்ததுபோல், தேசம்மாவின் தோளில் கிடக்கிறது.

யசோதரா மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நீங்களே வைங்க என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். நானும் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

உங்கள் முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது. அச்சகத்துக்கு நாலு மணிக்குள் ஃபைல் போக வேண்டும். இப்போது மூன்று ஐம்பது.